முத்தலிப் மச்சான் தலையணையோடு ஆற்றுக்குப் போனது

எங்கள் ஊரில் ஒரு கணவன் தன் மனைவியின் வீட்டிலிருந்து எதை வேண்டுமானாலும் வெளியே கொண்டு போகலாம். கதிரையைக் கொண்டு போகலாம், தேங்காய் மூட்டையைக் கொண்டு போகலாம், திருத்துவதற்கு டிவியைத் தூக்கிக்கொண்டு போகலாம். தலையணையை மட்டும் கொண்டு போகக் கூடாது. இங்கே வீடு பெண்ணுடையது. சீதனமாக அவள் பெயரில் எழுதியது. ஆண்பிள்ளை கலியாணத்தன்று அங்கே வந்து சேருகிறவன். அவன் தலையணையைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால், புருஷன் பெண்சாதிக்கிடையில் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். கல்முனைக்குடியில் இதைப் பால்குடிப் பிள்ளையும் அறியும். என் மச்சான் முத்தலிப்புக்கு மட்டும் தெரியவில்லை.

தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. மனுஷன் முப்பது வருடத்துக்கு மேலாகக் கொழும்பு பஸ் ஓட்டியவர். இன்று இரவு இங்கிருந்து போனால் நாளை இரவு அங்கிருந்து வருவார். வந்த பகலில் தூங்குவார். என் ராத்தா நஸீறாவை அவர் நிக்காஹ் முடித்த காலத்திலிருந்து ஊரில் நடந்த கலியாணம், மவுத்து, சண்டை, சமாதானம் எல்லாமே அவர் மஹியங்கனை வளைவில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நடந்தன. ஊர் வழக்கம் அவருக்கு எங்கிருந்து தெரியும்? பிறேக் தெரியும், கியர் தெரியும். கையை நீட்டி நிற்கும் ஆளைக் கண்டால் நிறுத்தத் தெரியும். அந்த விஷயத்தில் மனுஷன் தங்கம். மழையோ வெயிலோ, கையை நீட்டிய எவரையும் விட்டுவிட்டுப் போனதில்லை என்று பஸாரில் என் இரும்புக் கடைக்கு வருகிறவர்கள் இன்றும் சொல்வார்கள். எனக்கும் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. நான் நஸீறாவின் தம்பி அல்லவா.

ஓய்வு பெற்று வந்தவருக்கு வீட்டில் உட்கார இடம் கிடைக்கவில்லை. வீடு கடைசி மகள் ஷாஹினாவுக்கு எழுதியாகிவிட்டது. ராத்தாவும் மச்சானும் பின்பக்கத்து அறைக்கு மாறியிருந்தார்கள். அவர் ஹோலில் உட்கார்ந்தால் ஷாஹினா கூட்டுமாறோடு வந்து நிற்பாள். வாசலில் உட்கார்ந்தால் மருமகன் அஸ்கி முச்சக்கர வண்டியைக் கொண்டுவந்து கால்மாட்டில் நிறுத்துவான். விடியற்காலையில் எழும்பி பஸ் தரிப்பிடத்தில் போய் நின்று, வருகிற பஸ்களின் சில்லைப் பார்த்து, காற்றுப் போதாது என்று டிரைவர்களிடம் சொல்லி ஏச்சு வாங்கிக்கொண்டு வருவார். இப்படியே நாலைந்து மாதம் போனது. பிறகு ஒரு நாள் என் கடைக்கு வந்து, ஒரு பழைய பைபர் போட் வாங்கியிருப்பதாகச் சொன்னார்.

"மீன் பிடிக்கவா மச்சான்?" என்று கேட்டேன்.

"மீனப் பிடிச்சி என்ன செய்ய? ஆத்தப் பார்க்கணும். இவ்வளவு காலமும் பாலத்துக்கு மேலால போன. கீழ என்ன இரிக்கி எண்டு ஒரு நாளாவது பார்த்தனா?"

கிட்டங்கித் துறையில் ஏறி, எங்கள் ஊர் ஆறு என்று சொல்லும் வாவி வழியே மட்டக்களப்பு வரைக்கும் மெல்ல மெல்லப் போய் வருவது அவருடைய திட்டம். கெட்ட ஆசை என்று சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் இதற்கென்றே விமானம் ஏறி வருகிறான். ஆனால் அந்தப் போட்டை அவர் செய்த கோலத்தைப் பார்க்க வேண்டும். மேலே தகரக் கூரை போட்டார். பழைய பஸ் ஒன்றிலிருந்து கழற்றிய சீற்றுகளைப் பூட்டினார். ஸ்டியரிங்கும் ஹோர்னும் வைத்தார். இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்தார்.

"கண்ணாடி என்னத்துக்கு? ஆத்தில உங்களுக்குப் பின்னால யாரு வாற?" என்றேன்.

"வந்தா?" என்றார். அதற்கு மேல் அவரிடம் கதைக்க ஏலாது.

போன செவ்வாய்க்கிழமை காலை ராத்தாவிடம், "ஆத்துப் பக்கம் போயிட்டு வாறன்" என்றிருக்கிறார். ராத்தா "ம்" என்றிருக்கிறாள். அவர்களுடைய சம்சாரம் முப்பது வருடமும் இந்த இரண்டு வசனத்தில்தான் ஓடியது. அஸ்கி ஹயருக்குப் போயிருந்தபடியால் மனுஷன் நடந்தே புறப்பட்டார். ஒரு கையில் சுருட்டிய பாய். மற்றக் கமக்கட்டில் தலையணை. அதுவும் ராத்தா பூத்தையல் போட்ட உறையோடு, ஊரே பார்க்கும்படி, பிரதான வீதியால் நடந்து, நற்பட்டிமுனை தாண்டிக் கிட்டங்கிக்கு. வழியில் மீன் வியாபாரி ஒருவன் சைக்கிளை நிறுத்தி, "எங்க காக்கா?" என்று கேட்க, "போறன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அஸர் தொழுகைக்கு முன்னமே செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மாலையில் நான் போனபோது ராத்தாவின் வாசலில் சாவு விழுந்த மையத்து வீடு மாதிரி செருப்பு. பெண்கள் சீனியும் தேயிலையும் பிஸ்கட்டும் கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு சபியா உம்மா ராத்தாவின் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஸபூர் செய்ங்க புள்ள, பொறுமையா இரிங்க. எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்."

"அவரு ஆத்தப் பார்க்கப் போயிரிக்காரு மாமி" என்று ராத்தா சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"ஓம் புள்ள. அப்பிடித்தான் ஒண்டச் சொல்லிட்டுப் போவாங்க" என்று சபியா உம்மா கண்ணைத் துடைத்தார்.

இன்னொருத்தி, புருஷனைப் பிரிந்த பெண் இருக்க வேண்டிய இத்தா இன்றிலிருந்து கணக்கா, தலாக் சொன்ன நாளிலிருந்து கணக்கா என்று என்னிடமே கேட்டாள். நான் பார்த்த பார்வையில் பிஸ்கட் பெட்டியை வைத்துவிட்டு எழும்பிப் போனாள். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் மேலா, அந்தத் தலையணை மேலா என்றுதான் விளங்கவில்லை. மச்சானுக்குப் போன் எடுத்தோம். போன் பின் அறையில் அலுமாரிக்கு மேல் அடித்தது. வண்டி ஓட்டும்போது போன் பாவிக்கக் கூடாதாம், அதனால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் ராத்தாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நூறு பேர் வந்து "கவலைப்படாதீங்க" என்றால் கவலை இல்லாத மனுஷிக்கும் வந்துவிடும். குசினி அடுப்படியில் என்னைக் கூப்பிட்டு வைத்து மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, மெய்யாவே போயிட்டாரோ?"

"உங்களுக்கு விசரா ராத்தா? அவரப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

அன்று பின்னேரம் எங்கள் குடி மரைக்காயர் சீனிமுகம்மது என் கடைக்கு வந்துவிட்டார். குடும்பப் பிணக்குகளைத் தீர்ப்பது குடி மரைக்காயரின் பொறுப்பு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குள் முத்தலிப் வீடு திரும்பாவிட்டால் விஷயத்தைப் பள்ளிவாசலில் வைக்க வேண்டி வரும் என்றார். பள்ளிவாசலில் வைத்துவிட்டால் பிறகு அது சும்மா கதை இல்லை. நஸீறா என்கிற என் ராத்தா, பேரப்பிள்ளைகள் கண்ட வயதில், புருஷன் விட்டுவிட்டுப் போன பெண் என்ற பெயரோடு ஊரில் நிற்க வேண்டும். அந்த மனுஷனைத் தலைமயிரில் பிடித்தாவது இழுத்துக்கொண்டு வருவது என்று முடிவு செய்தேன்.

மட்டக்களப்புக்குக் கிட்டப் போயிருப்பார் என்று நினைத்திருந்தோம். வியாழக்கிழமை காலையில் அஸ்கிக்கு ஒரு போன் வந்தது. துறைநீலாவணையில் இருக்கும் அவனுடைய கூட்டாளி.

"உங்கட மாமா இஞ்ச ஆக்கள ஏத்தி இறக்கிட்டுத் திரிறாரு" என்றான்.

கிட்டங்கியிலிருந்து துறைநீலாவணை கூப்பிடு தூரம். இரண்டு பகல் முழுக்க ஓடியும் மனுஷன் அவ்வளவுதான் போயிருக்கிறார். காரணம் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். கரையில் யாரோ ஒருவர் சும்மா கையை நீட்டியிருக்கிறார். மச்சானின் கால் தானாக பிறேக்கைத் தேடியிருக்கிறது. அவரை ஏற்றி அக்கரையில் இறக்கினால், அங்கே இன்னொருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, ஆற்றைப் பார்க்கப் போனவர் ஆற்றை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

மரைக்காயர், நான், அஸ்கி மூவரும் முச்சக்கர வண்டியில் துறைநீலாவணைக்குப் போய்க் கரையில் நின்றோம். தூரத்தில் தகரக் கூரை தெரிந்தது. ஆற்றில் எதிரே எவரும் இல்லாதபோதும் மனுஷன் இடது பக்கமாகவே வந்தார். முன்னால் நின்ற கூழைக்கடாக்களுக்கு ஹோர்ன் அடித்தார். நாங்கள் கையை நீட்டினோம். போட் திரும்பி எங்கள் முன்னால் வந்து நின்றது.

"எங்க போகணும்?" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டார். பிறகுதான் ஆளை அடையாளம் கண்டார்.

ஏறினோம். உள்ளே சனம். மண்டூரைச் சேர்ந்த பூபாலசிங்கம் என்றொருவர், ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கு வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றார். பஸ் சீற்றில் செல்லத்தங்கம் என்றொரு அம்மா கத்தரிக்காய் மூட்டையோடு இருந்தார். மரைக்காயர் நிற்பதைக் கண்ட பூபாலசிங்கம் ஒரு கதிரையை எடுத்துப் போட்டார். மரைக்காயர் தொப்பியைச் சரிசெய்து, நடுவில் அமர்ந்து, ஸலவாத்து ஓதி, சபையைத் தொடங்கிவிட்டார்.

"முத்தலிப். நடந்தது நடந்து போச்சி. உங்கட குறை என்ன? அதச் சொல்லுங்க."

"என்ன குறை?" என்றார் மச்சான், ஆற்றில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"பொண்டாட்டிய உட்டுட்டு வந்திரிக்கீங்களே, அதுக்குரிய குறை."

மச்சானின் கை ஹோர்னில் பட்டு அது நீளமாக அடித்தது. "யாரு உட்டுட்டு வந்த? நான் ஆத்தப் பார்க்க வந்த."

"தலையணையோடயா?" என்று நான் கத்தினேன்.

"அது இல்லாமப் படுத்தாக் கழுத்து நோகும் மச்சான்."

எனக்கு அந்த இடத்திலேயே ஆற்றில் குதிக்கலாம் போல இருந்தது. விஷயம் முடிந்தது, போட்டைத் திருப்பினால் சரி. ஆனால் மரைக்காயர் விடவில்லை. இத்தனை வருடம் பிணக்குத் தீர்த்தவர். பிணக்கே இல்லை என்றால் எதைத் தீர்த்தேன் என்று ஊரில் சொல்வது? குறை இல்லாமல் சமாதானம் செய்ய முறையே இல்லை, ஏதாவது ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும் என்று நின்றார்.

"சமையல் சரியில்லையோ காக்கா?" என்று செல்லத்தங்கம் உதவிக்கு வந்தார்.

"சமையலுக்குச் சொல்ல ஏலா" என்றார் மச்சான்.

"வாய் கூடவா?" என்று பூபாலசிங்கம்.

"வாயே இல்ல."

"யோசிச்சுப் பாருங்க. ஒண்டும் இல்லாத வீடு உலகத்தில இரிக்கா?" என்றார் மரைக்காயர். அதற்குள் குறுமண்வெளித் துறையில் கையைக் காட்டிய இன்னும் இரண்டு பேர் ஏறி, விஷயத்தைக் கேட்டறிந்து, அவர்களும் சேர்ந்து யோசித்தார்கள். மச்சான் பாவம், பரீட்சை எழுதுகிறவர் மாதிரி வியர்த்தார். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"தேத்தண்ணிக்குச் சீனி போடுறல்ல."

சீனி வருத்தம் உள்ள மனுஷனுக்கு யார் சீனி போடுவார்கள்? மரைக்காயர் முகம் மலர்ந்துவிட்டது. அஸ்கியின் போனை வாங்கி ராத்தாவுக்கு எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, சலாம் சொல்லி, கணவர் தரப்புக் குறையை முறைப்படி அறிவித்தார். "தேத்தண்ணிக்குச் சீனி போடாததாலதான் புள்ள இவரு வெளிக்கிட்டிரிக்காரு. அத நீங்க திருத்திக்கிட்டா இன்ஷா அல்லாஹ் மத்தியானத்துக்குள்ள வீட்ட வந்திருவாரு."

போன் வெட்டுப்பட்டுவிட்டது என்று அஸ்கி எட்டிப் பார்த்தான். பிறகு ராத்தாவின் குரல் வந்தது.

"மரைக்காயர் மாமா, எனக்கிட்டயும் ஒரு குறை இரிக்கி. கேட்பீங்களா?"

"தாராளமாச் சொல்லுங்க."

"கையக் காட்டின ஆக்கள் எல்லாரையும் ஏத்தின மனிசன். அவரு ஓட்டின பஸ்ஸில என்ன ஒருக்காவாவது ஏத்தினாரா எண்டு கேளுங்க. ஷாஹினா வயித்தில இரிக்கக்குள்ள கொழும்புக்கு கிளினிக் போகணும், நானும் வாறன் எண்டு வாய் உட்டுக் கேட்டன். டிப்போ ஆக்கள் பார்த்துச் சிரிப்பாங்க, வேனில போ எண்டாரு. சரி எண்டு இருந்தன். இப்ப ஆத்துக்குப் போன. மண்டூர் ஆக்களும் ஏறி இறங்குறாங்களாம். எனக்கிட்ட ஒரு வார்த்தை, வாறயா எண்டு கேட்கல்ல. நான் சீனி போடாத பொம்பிள." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அவரு மத்தியானத்துக்கு வரவும் வாணாம், ராவைக்கி வரவும் வாணாம். இது என்ட புள்ளட வீடு. ஆத்திலயே இரிக்கச் சொல்லுங்க."

போன் நின்றது. இல்லாத பிணக்கைத் தீர்க்கப் போன நாங்கள், முப்பது வருடமாக இருந்த பிணக்கைக் கிண்டி வெளியே எடுத்துவிட்டோம். மரைக்காயர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராத்தாவின் கூடப்பிறந்த தம்பி நான், வாரத்துக்கு இரண்டு தரம் அந்த வீட்டில் தேநீர் குடிக்கிறவன், எனக்கே இது தெரியாது.

மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நின்றார். "அவ கேட்டவதான்" என்றார். "கேட்டத நான் மறந்தே போயிட்டன் மச்சான்." பிறகு போட்டைத் திருப்பினார்.

"காக்கா, என்ன மண்டூரில இறக்கிட்டுப் போங்க" என்றார் செல்லத்தங்கம். "கதிரைய ஆக்கள் பார்த்துட்டு நிப்பாங்க" என்று பூபாலசிங்கம். ஒன்றும் அவர் காதில் விழவில்லை. கிட்டங்கி வரைக்கும் இரண்டு கரையிலும் சனம் கையை நீட்டியது. ஓர் இடத்திலும் அவர் நிறுத்தவில்லை. ஒரு கிழவன் செருப்பைக் கழற்றி எங்களைப் பார்த்து எறிந்தான்.

அஸ்கியின் வண்டி துறைநீலாவணையிலேயே நின்றபடியால், கிட்டங்கியில் வேறு வண்டிகள் பிடித்து வீட்டுக்கு வந்தால் கதவு சாத்தியிருந்தது. ஷாஹினா ஜன்னலால் எட்டிப் பார்த்து, "உம்மா தொறக்க வாணாமாம்" என்றாள். சபியா உம்மா தலைமையில் தெருவே வாசலில் நின்றது. பூபாலசிங்கமும் செல்லத்தங்கமும் வேறு எங்களோடு வந்திருந்தார்கள். இனி என்ன நடக்கிறது என்று பார்க்காமல் மண்டூருக்குப் போக அவர்களுக்கும் மனம் வரவில்லை. மரைக்காயர் தொண்டையைச் செருமினார். மச்சான் அவரைக் கையால் விலக்கிவிட்டுக் கதவுக்குக் கிட்டப் போனார். அந்த மனுஷன் ஊரின் முன்னால் இரண்டு சொல் பேசி நான் கண்டதில்லை.

"நஸீறா," என்றார். "போட்டில போவோம். வாறயா?"

சபியா உம்மா கதவுப் பக்கம் காதைச் சாய்த்தார்.

"எங்க?" என்று கதவுக்குப் பின்னால் கேட்டது.

"தெரியா."

"எந்த இடம் எண்டு தெரியாமயா கூப்பிடுறீங்க?"

"ஓம்" என்றார் மச்சான்.

கதவு திறக்க நெடுநேரம் எடுத்தது. ராத்தா நோன்புப் பெருநாளுக்குத் தைத்த அபாயாவைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேரே நாங்கள் பிடித்து வந்த வண்டி ஒன்றில் ஏறி உட்கார்ந்தாள். ஊர் அவளுக்குப் பின்னால் கிட்டங்கிக்குப் புறப்பட்டது.

துறையில் மரைக்காயர் எல்லோருக்கும் முன்னால் போட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சமாதானம் முடியும் மட்டும் கூட இருப்பது முறையாம். அஸ்கி ஏறினான், கதிரைகளோடு பூபாலசிங்கம் ஏறினார், நானும் ஏறினேன்.

"எல்லாரும் இறங்குங்க" என்றாள் ராத்தா.

"நானுமா?" என்றேன்.

"நீயும்தான்."

இறங்கினோம். போட் புறப்பட்டு, கல்லெறிகிற தூரத்துக்கும் கொஞ்சம் அப்பால் போனது. திடீரென்று என்ஜின் சத்தம் நின்றது. கரையில் ஒரே கலவரம். பெற்றோல் முடிந்ததென்றார்கள், என்ஜின் போனதென்றார்கள். அஸ்கி சேர்ட்டைக் கழற்றிவிட்டு நீந்தத் தயாரானான். மரைக்காயர் கையை வாயில் குவித்து, "என்ன பிரச்சினை?" என்று கத்தினார்.

"ஒரு பிரச்சினையும் இல்ல" என்று தண்ணீருக்கு மேலால் ராத்தாவின் குரல் வந்தது. "நாந்தான் நிப்பாட்டச் சொன்ன. என்னோட கொஞ்சம் கதைக்கட்டும்."

போட் அந்த இடத்திலேயே நின்றது. மச்சான் முன்னால் பார்க்கவில்லை, அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். ஒரு தரம் அவர் முகத்தைத் துடைத்ததைக் கண்டேன். ஒரு தரம் அவள் சிரித்தாள். பிறகு திரும்பவும் கதைத்தாள். வெயில் தணிந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டது. சனம் கலையவில்லை.

"என்ன கதைக்காங்க?" என்று மரைக்காயர் என்னிடம் கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? என் ராத்தா ஒரே இருப்பில் அவ்வளவு நேரம் கதைத்ததை நான் என் வயதுக்கு அன்றுதான் பார்த்தேன்.